இணைநகரின் குழாய் வாய்க்காலைக் கடந்த வகை

நகராட்சியின் பொதுப் பிரிவிலிருந்து இளைய அலுவலர் இருவர் அண்மையில் என்னைக் காண வந்தனர். ஊர் எல்லையில் உள்ள பழைய வரவேற்பு வளைவை இடித்துவிட்டுப் புதியது கட்டவிருக்கிறார்கள். பழைய வளைவில் எங்கள் ஊர்ப் பெயருக்குக் கீழே இத்தாலி நாட்டுச் சிறுநகர் ஒன்றின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதனைப் புதிய வளைவிலும் பொறிக்க வேண்டுமா என்பது அவர்களுடைய ஐயம். "எதுக்கு சார் அந்தப் பேரு அங்க இருக்கு? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றார் ஒருவர்.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்பது உண்மையே. அந்நகரின் மேயர் எங்கள் ஊர்ப் பெண்ணை மணந்துகொண்டார் என்று ஒரு கதை உலவுகிறது. வெள்ளைக்காரி ஒருத்தி வயலில் இறங்கி ஆடினாள் என்பது இன்னொன்று. துப்பாக்கிச் சூடு நடக்கவிருந்ததாகவும் பாதிரியார் ஒருவர் குறுக்கே விழுந்து தடுத்ததாகவும் தேநீர்க் கடையில் ஒருவர் விவரிக்க நானே கேட்டிருக்கிறேன். விவரித்தவர் அந்நாளில் பிறந்திருக்கவில்லை.

ஆகவே இக்கட்டுரைக்கு ஒரு வரம்பு வகுத்துக்கொண்டேன். என் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுதுவேன். நான் இல்லாத இடத்தில் நடந்தவற்றுள், உடனிருந்த இருவரேனும் ஒன்றுபோலச் சொன்னதை மட்டுமே சேர்ப்பேன். எழுபதுகளின் தொடக்கம் அது. நிலத்தின் பொருட்டும் கூலியின் பொருட்டும் தஞ்சை மாவட்டம் இரண்டுபட்டு நின்ற காலம். ஒரே நிகழ்ச்சியை மிராசுதார் வீட்டில் ஒருவிதமாகவும் தொழிலாளர் தெருவில் வேறுவிதமாகவும் சொல்வார்கள். இரண்டையும் கேட்டுக் கேட்டுப் பழகியவன், தான் பார்த்தது எதுவோ அதைமட்டும் இறுகப் பற்றிக்கொள்வான். ஊரின் பெயரையும் பதவியில் இருந்தோரின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றும் எதிரெதிர் வீடுகளில் நலமாக வாழ்கிறார்கள்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தமிழ் பயின்று, ஆசிரியப் பணி கிடைக்காமல், நகராட்சியின் வரிப் பிரிவில் இளநிலை எழுத்தராகச் சேர்ந்தேன். வீட்டு வரி, தொழில் வரி, குப்பை வண்டி மாட்டுக்குத் தவிடு என்று சில ஆண்டுகள் கழிந்தன. ஆட்சி மாறி, அலுவலகக் கடிதங்கள் யாவும் தமிழில் இருத்தல் வேண்டும் என்ற ஆணை வந்தபோது, ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகிய மூத்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அதுவரை யாருக்கும் பயன்படாமல் இருந்த என் இலக்கணப் படிப்பு ஒரே வாரத்தில் அலுவலகச் சொத்தாயிற்று. பொதுப் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். அங்கேதான் இணைநகர்க் கோப்பு என் மேசைக்கு வந்தது.

அந்தக் கோப்பு பிறந்த இடம் ஒரு மாதா கோயில். எங்கள் ஊர்ப் பங்குத் தந்தை சவரிமுத்து இளமையில் உரோமாபுரியில் பயின்றவர். விடுமுறை நாள்களில் வட இத்தாலியில் நெல் விளையும் நகரம் ஒன்றில் தங்குவாராம். அங்கே வரப்பும் வாய்க்காலும் கண்டு, தம் ஊர் நினைவு வந்து, அந்நகரத்தாரிடம் காவிரியைப் பற்றி ஓயாமல் பேசியிருக்கிறார். பல ஆண்டுகள் கழித்து, இரு நகரங்களும் நட்புறவு பூண்டு இணைநகர்களாகலாமா என்று கேட்டு அவர்களிடமிருந்து மடல் வந்தது. தங்கள் ஊர்த் தொழிற்சாலையில் செய்த நீரேற்றும் எந்திரம் ஒன்றையும் இரும்புக் குழாய்களையும் அன்பளிப்பாகத் தருவோம் என்றும் எழுதியிருந்தார்கள்.

மடலைக் கேட்டதும் நகர்மன்றத் தலைவர் எழுந்து நின்றுவிட்டார். ஆளுங்கட்சிக்காரர், பேச்சுக்குப் பெயர் பெற்றவர், ஒலிபெருக்கி இல்லாமலேயே கடைத்தெருவின் மறுகோடிவரை கேட்கும் குரல் அவருக்கு. "பதிலுக்கு நாம பண்பாட்டைத் தருவோம்!" என்றார். நகராட்சி ஆணையர் மெல்ல, "தரலாங்க. அதை எந்தக் கப்பல்ல ஏத்தறதுன்னுதான் யோசிக்கிறேன்" என்றார். ஈராண்டுக்கு ஒருமுறை நாகசுரக் குழுவொன்றை அனுப்புவது என்று பிறகு முடிவாயிற்று.

ஆணையரைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். என் பணிக்காலத்தில் பல மேலதிகாரிகளைக் கண்டேன். நான் கற்றது அவர் ஒருவரிடமே. மெலிந்த உடல், முழுக்கை வெள்ளைச் சட்டை, எந்நேரமும் திறந்திருக்கும் மைப்பேனா. எவரேனும் உண்மையிலேயே கவனிக்கத்தக்க ஒன்றைச் சொன்னால் பேனாவை மூடுவார். அந்தச் சிறு ஓசைக்காகவே நாங்கள் அவர் முன்னால் சொற்களைத் தேர்ந்து பேசினோம். 'முடியாது' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வேண்டாத கோரிக்கை வந்தால், "ரொம்ப நல்லதுங்க. நிகழ்ச்சி நிரல்ல இதை எங்க வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க" என்பார். உறுப்பினர் ஒருவர் தாம் இயற்றிய நீண்ட வரவேற்புக் கவிதையை விருந்தினர்முன் படிக்க விரும்பினார். "பிரமாதம். அவங்க சாப்பிடறதுக்கு முன்னாடி வைக்கலாமா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது வைக்கலாமா?" என்று ஆணையர் கேட்டார். பசித்த விருந்தினரின் முகங்களைக் கற்பனை செய்து பார்த்த உறுப்பினர், கவிதையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வெளிநாட்டு விருந்தினரை வரவேற்பது எப்படி என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. மாநில அரசு வழியாக நடுவண் அரசின் இசைவு பெற்றதும், ஆணையர் ஒவ்வொன்றையும் ஒத்திகை பார்க்கத் தொடங்கினார். மாலை அணிவிப்பதற்கு நான் விருந்தினராக நின்றேன். மாலையின் கனம் கழுத்தை அழுத்துகிறதா, சம்பங்கியின் மணம் தும்மலை வருவிக்கிறதா, மாலையைக் கழற்றிய பின் அதை யாரிடம் கொடுப்பது என்று அனைத்தும் ஆராயப்பட்டன. தலைவர் எனக்கு மீண்டும் மீண்டும் மாலையிட்டார். பணி ஓய்வு நாளன்று விழுந்த ஒன்றைத் தவிர, என் வாழ்நாளில் எனக்கு விழுந்த மாலைகள் அவ்வளவே.

சமையல்காரர் பக்கிரிசாமிக்கு வேறு கவலை. தஞ்சாவூரிலிருந்து ரொட்டி வரவழைக்க ஏற்பாடு செய்துவிட்டுப் பங்குத் தந்தையிடம் சென்று, "சாமி, அவங்க மூணு வேளையும் ரொட்டிதானே?" என்று கேட்டார்.

"அவங்களும் நெல்லு போடறவங்கதான்யா. சோறுதான் திம்பாங்க."

"நம்ம மாதிரியா?"

"கொஞ்சம் குழைய வடிப்பாங்க."

"அப்ப நம்ம வீட்டுல எங்க சம்சாரம் வடிக்கிறது இத்தாலிச் சோறா சாமி?" என்று பக்கிரிசாமி கேட்டதை அன்று அங்கிருந்த நால்வரும் ஒன்றுபோலவே சொல்கிறார்கள்.

இவ்வளவு மகிழ்ச்சிக்கும் இடையில் ஒரு முள் இருந்தது. உடன்படிக்கையின் வரைவில், குழாய்கள் எங்கெங்கே பதிக்கப்படும் என்பது கூறப்பட்டிருந்தது. கடைத்தெரு, பேருந்து நிலையம், நகராட்சிப் பள்ளி, வாய்க்காலின் வடகரை. அங்கே நின்றுவிட்டது. வாய்க்காலுக்குத் தெற்கே இருந்த தெரு நகராட்சி எல்லைக்குள் இருந்தும் வரைவில் இல்லை. வயல் வேலை செய்யும் குடும்பங்கள் வாழ்ந்த தெரு அது. ஊர்க் குழாயில் குடம் வைக்கும் உரிமையைச் சட்டம் அவர்களுக்குத் தந்திருந்தது. ஊரோ வரிசையின் கடைசி இடத்தையே தந்தது. வாய்க்காலைக் கடந்து குழாய் செல்லத் தொழில்நுட்பம் இடந்தராது என்று பொறியாளர் எழுதியிருந்தார். உண்மைக் காரணம் அனைவருக்கும் தெரியும். வாய்க்காலின் இருகரையும் நகர்மன்றத் துணைத் தலைவரின் வயல்களை ஒட்டியவை. முந்தைய அறுவடையில் அவருடைய வயலில் கூலி உயர்வு கேட்டுக் கொடி நட்டவர்கள் அந்தத் தெருவினர்.

ஒரு நாள் அத்தெருவிலிருந்து அஞ்சலை என்னும் பெண்மணி ஆணையரைக் காண வந்தார். நடவுப் பெண்களுக்கு முன்னேர் போல இருப்பவர். வயல் சேறு காயாத காலோடு அறை வாசலில் நின்றார். ஆணையர் உள்ளே அழைத்து நாற்காலியைக் காட்டினார். அவர் அமரவில்லை.

"ஆத்துல புதுத்தண்ணி வந்தா ஊரே கொண்டாடுதுங்க. எங்க தெருவுல புள்ளைங்களுக்கு வாந்திபேதி. அந்தக் கலங்கத் தண்ணியத்தானே குடிக்கிறோம். போன வருசம் எம் பேரன் பொழைச்சது மறுபொறப்பு. இந்த வருசம் என்னாவுமோன்னு இருக்கு. வெளிநாட்டுக் கொழாய் வருதாமே, அது வாய்க்காலத் தாண்டுமா தாண்டாதாங்க?"

"தாண்டாதுன்னு பொறியாளர் எழுதியிருக்காரும்மா."

"வாய்க்கா பெருகினா தண்ணி எங்க வீட்டு அடுப்புவரைக்கும் வருது. கொழாய்க்கு மட்டும் நீச்சத் தெரியாதுங்களா?"

ஆணையர் பேனாவை மூடினார். அந்த ஓசையை நான் கேட்டேன். பிறகு, "இப்ப நடவு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார்.

"எங்க தெருவ ஒட்டின கொல்லையிலதாங்க. குறுவை நடவு. ஆனி முடியிறவரைக்கும் இருக்கும்."

"சரிம்மா. போயிட்டு வாங்க" என்றார். பேச்சை முடிப்பதற்காகக் கேட்ட கேள்வி என்று எண்ணி நான் அடுத்த கோப்பை எடுத்து வைத்தேன்.

விருந்தினர் நடவு பார்க்க விரும்புவதாக எழுதியிருந்தார்கள். துணைத் தலைவர், "நம்ம ரோட்டோர வயல்லயே பாக்கட்டும். ஆனா அந்தத் தெருப் பொம்பளைங்க வேணாம். வெள்ளைக்காரங்க முன்னாடி கோஷம் போட்டா மாவட்டத்துக்கே அசிங்கம்" என்றார். காவல் ஆய்வாளரும் அதை ஆமோதித்தார். நடுவதற்கு வேறு ஆள்? துணைத் தலைவரிடம் அதற்கும் விடை இருந்தது. நகராட்சிப் பெண்கள் பள்ளி ஆசிரியைகள், ஒரே நிறச் சேலையில்.

"அவங்களுக்கு நடத் தெரியுங்களா?" என்றார் ஆணையர்.

"தெரியணுமா என்ன? போட்டோவுல நல்லா இருந்தா போதாதா?"

தலைவருக்கு ஒரே நிறச் சேலை பிடித்துவிட்டது. முடிவாயிற்று. நிரலைத் தட்டெழுதும்போது ஆணையர் ஒரே ஒரு மாற்றம் சொன்னார். விருந்தினரை இறக்கிவிட்ட பின் கார்கள் சாலையிலேயே நிற்க வேண்டாம். வாய்க்காலின் மூங்கில் பாலத்தருகே சென்று நிற்கட்டும். விருந்தினர் அதுவரை கரையோடு நடந்து வரட்டும். "ஏங்கய்யா, ரோட்டுலயே ஏறிக்கலாமே?" என்றேன். "அங்க நிழல் இருக்கும்" என்றார்.

விருந்தினர் மூவர் வந்தனர். குழுவின் தலைவி அந்நகரத் துணை மேயர் லூசியா அம்மையார். நரைத்த தலை, அகன்ற உள்ளங்கை, யார் பேசினாலும் அவர் முகத்தையே நேராகப் பார்க்கும் பார்வை. மாலை மிகச் சரியாக விழுந்தது. பக்கிரிசாமியின் சோற்றை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார்கள்.

வயற்காட்சியை நான் வரப்பில் நின்று பார்த்தேன். மஞ்சள் சேலை உடுத்திய ஆசிரியைகள் வரிசையாக நின்றனர். உடற்பயிற்சி ஆசிரியை ஊதல் ஊதினார். ஒவ்வோர் ஊதலுக்கும் எல்லோரும் குனிந்து ஒரு நாற்றை நட்டு, நிமிர்ந்து, ஓரடி முன்னால் வைத்தார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் முன்னால் வைத்த கால், நட்ட நாற்றின் மீதே விழுந்தது. வரிசை கடந்து சென்ற இடமெல்லாம் நாற்று சேற்றில் படுத்துக் கிடந்தது.

லூசியா அம்மையார் நெடுநேரம் பார்த்துவிட்டுத் தந்தை சவரிமுத்துவிடம் ஏதோ சொன்னார். தந்தைக்கு இருமல் வந்தது.

"என்ன சாமி சொல்றாங்க?" என்றார் தலைவர்.

"டீச்சருங்க ரொம்ப ஒழுங்கா இருக்காங்கன்னு சொல்றாங்க."

"டீச்சருன்னு யாரு சொன்னா அவங்ககிட்ட?"

"யாரும் சொல்லலீங்க. நடவுக்காரி பின்னாலதான் போவா, முன்னால போக மாட்டாளேங்கிறாங்க. அந்தம்மா சின்ன வயசுல அவங்க ஊர் வயல்ல கூலிக்கு நாத்து நட்டவங்களாம்."

தலைவர் துணைத் தலைவரைப் பார்த்தார். துணைத் தலைவர் வானத்தைப் பார்த்தார். ஆசிரியைகளுக்குப் பலத்த கைதட்டல் தரப்பட்டது. முதலில் தட்டியவர் லூசியா அம்மையாரே. சேறு தெறித்த முகங்களோடு அவர்களும் சிரித்தார்கள். அதில் ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை என்பதைப் பின்னர் அவர்களிடமே கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

கார்கள் நின்ற இடத்துக்குக் கரையோடு நடந்தோம். பாலத்தை நெருங்கும்போது தென்கரையிலிருந்து குலவை கேட்டது. தெருவை ஒட்டிய கொல்லை வயலில் பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். குனிந்த முதுகுகள் ஒரே சீராகப் பின்னோக்கி நகர, அவர்களுக்கு முன்னால் பசுமை விரிந்துகொண்டே வந்தது. லூசியா அம்மையார் நின்றார். பிறகு யாரையும் கேட்காமல் மூங்கில் பாலத்தில் ஏறினார். விருந்தினர் செல்லும்போது நாங்கள் நிற்பது எப்படி? தலைவர், துணைத் தலைவர், ஆணையர், தந்தை, நான், காவல் ஆய்வாளர், காவலர்கள் என்று ஒருவர் பின் ஒருவராக அந்த ஆடும் பாலத்தைக் கடந்தோம்.

அஞ்சலை வயலிலிருந்து வரப்பேறி வந்தார். கையிலிருந்த, நாற்றுகளைச் சேர்த்துக் கட்டிய நாற்றுமுடியை லூசியா அம்மையாரின் காலடியில், வரப்பின் குறுக்கே வைத்தார். மற்றப் பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து நின்று குலவையிட்டார்கள்.

"மறியல்!" என்று கத்தினார் காவல் ஆய்வாளர். "யாரும் நகரக் கூடாது! எடுய்யா தடிய!"

காவலர்கள் முன்னே பாய்ந்தனர். வரப்பு ஒருவர் நடக்கும் அகலமே என்பதால் இருவர் சேற்றில் இறங்கிவிட்டனர். குலவை நின்றது. பெண்கள் ஒருவரும் அசையவில்லை. அந்த ஆண்டுகளில் இத்தகைய ஒரு நொடியிலிருந்து என்னென்ன விளைந்தன என்பதை அறிந்தவர்களே நாங்கள் எல்லோரும். அஞ்சலையின் கைகள் நாற்றுமுடியின் மேல் குவிந்திருந்தன. தடிகளைக் கண்டார். ஆனால் கையை எடுக்கவில்லை.

ஆணையர் ஆய்வாளரின் அருகே சென்றார். அவர் குரல், மாலை ஒத்திகையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"நடவு வயலுக்குப் புதுசா யார் வந்தாலும் காலடியில நாத்துமுடி வைக்கிறது வழக்கம்தானுங்களே. வந்தவங்க ஏதாவது கொடுத்துட்டுத்தான் தாண்டணும். உங்க ஊர்ல இல்லைங்களா?"

"எங்க ஊர்ல நடவே கிடையாதுங்க. கம்புதான்" என்றார் ஆய்வாளர். அவர் தெற்கத்திச் சீமைக்காரர். தடிகள் தாழ்ந்தன. சேற்றில் நின்ற காவலர் ஒருவரை நடவுப் பெண்கள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். "நட்டதுல நின்னுட்டியேண்ணே, உன்னையும் சேத்து அறுக்கவா?" என்று ஒருத்தி கேட்க, வயல் முழுவதும் சிரித்தது.

தந்தை சவரிமுத்து வழக்கத்தை விளக்கினார். லூசியா அம்மையார் கைப்பையைத் திறந்து பார்த்தார். கைக்குட்டையும் மூக்குக் கண்ணாடியுமே இருந்தன. நேரே அஞ்சலையைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கறாங்கம்மா" என்றார் தந்தை.

அஞ்சலை ஒருகணமும் தயங்கவில்லை. "அவங்க கொழாய் வாய்க்காலத் தாண்டி இந்தப் பக்கம் வரணும். எங்க புள்ளைங்க கலங்கத் தண்ணி குடிக்கக் கூடாது. வேற ஒண்ணும் வேணாம்."

தந்தை அதை மொழிபெயர்த்தார். தலைவர் பதறி, "சாமி, அத விட்டுட்டு வெத்தல பாக்கு கேக்கறாங்கன்னு சொல்லுங்க" என்றார்.

"சொல்லிட்டேனே தலைவரே. வாயிலேருந்து போனத எப்படிப் புடிக்கிறது?"

லூசியா அம்மையார் காலணியைக் கழற்றினார். நாற்றுமுடியை இரு கைகளாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது எங்கள் வழக்கமா அவர்களுடையதா என்பதை நான் அறியேன். அதிலிருந்து சிறு பிடி நாற்றைப் பிரித்துக்கொண்டு சேற்றில் இறங்கி, பெண்களின் வரிசையில் நின்று, பின்னோக்கி நகர்ந்தபடியே ஒரு முழு வரிசை நட்டார். அவர் ஆடவுமில்லை, பாடவுமில்லை. நட்டார், அவ்வளவே. இடைவெளி சற்று அகலம் என்று அஞ்சலை கையால் காட்டினார், அவர் திருத்திக்கொண்டார்.

மறுநாள் காலை நகராட்சி மண்டபத்தில் கையொப்ப விழா. நாற்றுமுடியில் எஞ்சியதை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்திருந்த லூசியா அம்மையார், அதை உடன்படிக்கைத் தாளின் மேல் வைத்தார். தாங்கள் அனுப்பும் குழாய் தென்கரைத் தெருவரை செல்லும் என்று சேர்த்தால் கையொப்பமிடுவதாகவும், கூடுதலாக எவ்வளவு நீளம் வேண்டும் என்று சொன்னால் அதையும் அனுப்புவதாகவும் கூறினார். தொழில்நுட்பத்தைப் பற்றிப் பொறியாளரைக் கேட்டார்கள். அவர் ஆணையரைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், நாற்றைப் பார்த்தார். "பாலத்தோட சேத்துக் கட்டினா தாண்டுங்க" என்றார்.

துணைத் தலைவர் ஆணையரின் காதருகே குனிந்தார். நான் இருவருக்கும் பின்னால் கோப்போடு நின்றிருந்தேன்.

"என் வரப்பு வழியா குழாய் போகக் கூடாது சார். பட்டா என் பேர்ல இருக்கு. ஒத்துக்க மாட்டேன்."

"ரொம்ப நியாயங்க" என்றார் ஆணையர். "உங்க மறுப்பை அவசியம் சொல்லணும். நிரல்ல எங்க வைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க. தலைவர் பேசறதுக்கு முன்னாடியா, அந்தம்மா கையெழுத்துப் போட்டப்புறமா? மைக்க உங்க பக்கம் திருப்பச் சொல்லட்டுங்களா?"

துணைத் தலைவர் மண்டபத்தைப் பார்த்தார். முன்வரிசையில் வெளிநாட்டார், அடுத்து மாவட்ட அதிகாரிகள், படமெடுப்பவர்கள், பின்னால் கதவருகே, முந்தைய நாளின் சேற்றைக் கழுவி நல்ல சேலை உடுத்தி வந்திருந்த நடவுப் பெண்கள். மைக்குக்கு முன்னால் எழுந்து நின்று, குழந்தைகளுக்குத் தண்ணீர் தரமாட்டேன் என்று சொல்ல வேண்டும். அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அமர்ந்தார். அவரைத் தீயவர் என்று நான் எழுதமாட்டேன். குழாய் பதிக்கும் நாளில் தம் வண்டி மாடுகளை அனுப்பியவர் அவரே. அதையும் கண்ணால் பார்த்தேன்.

தலைவர் பேச எழுந்தார். தென்கரைக்குக் குழாய் என்பது தம் இயக்கம் தோன்றிய நாள்முதல் உள்ள கொள்கை என்று முழங்கினார். கதவருகிலிருந்து பெருங்குலவை எழுந்தது. காவல் ஆய்வாளர் இம்முறை தாமும் கைதட்டினார்.

குழாய்களும் எந்திரமும் கப்பலில் வந்து, இரயிலில் ஏறி, கடைசியில் மாட்டு வண்டியில் ஊர் வந்து சேர்ந்தன. தென்கரைத் தெருவில் திறப்பு விழா. தலைவர் குழாயைத் திருக, தண்ணீர் அவருடைய கரைவேட்டியின் மேல் பீறிட்டது. அஞ்சலை தம் பேரனை இடுப்பிலிருந்து இறக்கி, அவன் இரு கைகளையும் குழாய்க்கடியில் பிடித்தார். பின்னர், எங்கிருந்து கொண்டுவந்தாரோ, ஒரு நாற்றுமுடியைத் தலைவரின் காலடியில் வைத்தார்.

தலைவர் சிரித்தேவிட்டார். "இப்ப என்னம்மா கேக்கப் போற?"

"தெருவிளக்குங்க" என்றார் அஞ்சலை.

விளக்கும் வந்தது. அடுத்த ஆண்டு புதுத்தண்ணீர் வந்தபோது அந்தத் தெருவில் ஒரு பிள்ளைகூட நோயில் படுக்கவில்லை என்பதை மருத்துவமனைச் செவிலியரும் அஞ்சலையும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள்.

பிற்காலத்தில் இன்னும் இரண்டு நகரங்கள் எங்கள் இணைநகர்களாயின. பிரான்சு நாட்டு நகரம் ஒன்று அழகான வாழ்த்து மடல் அனுப்பியதோடு நின்றுவிட்டது. மலேசிய நகரம் ஒன்றுக்கு எங்கள் ஊரார் பலர் வேலைக்குச் சென்றிருந்ததால், அந்த உறவு உடன்படிக்கையின் துணையின்றியே தழைத்தது. நாகசுரக் குழு இத்தாலிக்கு இருமுறை சென்றுவந்தது. வளைவில் பெயர் இருக்க வேண்டுமா என்று கேட்ட இளைஞர்களிடம், தென்கரைத் தெருவுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு நீங்களே முடிவுசெய்யுங்கள் என்றேன்.

எனக்குத் தெரியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். அன்று வரப்பில் வைக்கப்பட்ட நாற்றுமுடி எந்த விருந்தினருக்கும் வைப்பதுதானா, முன்னரே திட்டமிட்டு வைத்ததா என்பது எனக்குத் தெரியாது. அஞ்சலையிடம் ஒருமுறை கேட்டேன். "வயல்ல யாரு வந்தாலும் வைக்கிறதுதான் சார். தெருவுல வச்சதுதான் புதுசு" என்று சொல்லிச் சிரித்தார். அவர் இன்று இல்லை. ஆணையர் மாற்றலாகிச் சென்றபின் நான் அவரைச் சந்திக்கவில்லை. நிழல் இருக்கும் என்று சொல்லி அவர் கார்களை நிறுத்தச் செய்த இடத்துக்குப் பின்னர் பலமுறை சென்று பார்த்திருக்கிறேன். பாலத்தருகே மரம் எதுவும் இல்லை. அந்நாளில் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை, கேட்டவர்களுக்கும் நினைவில்லை.